கூட்டல் பருவத்தில் ஒரு தேக்சா

போத்தனூரில் எங்கள் தெருவுக்குச் செப்புக்காலம் போன ஆவணியில்தான் வந்து சேர்ந்தது. குட்டியானை வண்டியில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, முஸ்தபா பாயே ஓட்டிக்கொண்டு வந்தார். நான் கடை வாசலில் நின்று பார்த்தேன்.

என் பெயர் வேங்கடசாமி. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வருகிற சுற்றறிக்கை எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் பெற்றோருக்குப் போகும். படித்தால் வயிறு எரியும். படிக்காமல் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்று பார்த்தால் அதுவும் முடிவதில்லை.

செப்புக்காலத்தை எங்கள் தெருவுக்கு வரவழைத்த சுற்றறிக்கையை அனுப்பியது ‘மழலையர் தொன்மை எண்ணறிவு இயக்கம்’. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இனிமேல் புளியங்கொட்டை, மாங்காய், தீக்குச்சி போன்ற நேற்றுப் பிறந்த பொருள்களை வைத்து எண்ணிப் படிக்கக் கூடாதாம். வரலாற்றுப் பொருள்களை மட்டுமே வகை பிரித்து எண்ண வேண்டுமாம். முதல் பருவத்துக்கு ஒன்பது வரைதான் பாடம் என்பதால் ஒவ்வொரு பள்ளியும் ஒன்பது பொருள் சேர்த்தால் போதும். பொருளுக்கு எங்கே போவது என்ற கவலை வேண்டாம், பிள்ளைகளின் வீட்டில் இருக்கும் என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள்.

வகை பிரிப்பதற்கு ஒரு வண்ணப் படமும் வந்தது. கல்லால் ஆனது கற்காலம். செம்பால் ஆனது செப்புக்காலம். இரும்பால் ஆனது இரும்புக்காலம். பிளாஸ்டிக் என்றால் அண்மைக்காலம். குழந்தைகள் குழம்பிவிடக் கூடாது என்று இவ்வளவு எளிமையாக்கியிருந்தார்கள்.

நிதீஷ் என்கிற பொடியன், போன தீபாவளிக்கு வீட்டில் வாங்கிய வெட் கிரைண்டரின் கல்லைக் கழற்றிக்கொண்டு வந்தான். கற்காலம். மேக்னாவின் அப்பா பம்புசெட் மெக்கானிக். பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் உடைந்து கிடந்ததைக் கொடுத்தனுப்பினார். இரும்புக்காலம். ரயில்வே காலனியிலிருந்து ஒரு கைவிளக்கு, இன்னொரு வீட்டிலிருந்து கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி என்று எட்டுப் பொருள் சேர்ந்துவிட்டது. கற்காலம் நிறைய இருந்தது. கோயமுத்தூரில் கிரைண்டருக்கா பஞ்சம்? செப்புக்காலம்தான் காலியாகக் கிடந்தது.

முஸ்தபா பாயின் மகள் ரம்ஷாவும் அந்த வகுப்புதான். “நம்ம ஊட்டுலதான் செம்புத் தேக்சா இருக்குதே அத்தா, மிஸ்ஸு அதைத்தான் கேக்கறாங்க” என்று இரண்டு நாள் சோறு தின்னாமல் அழுதாள். பாய் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுகிற மாஸ்டர். அந்தத் தேக்சாதான் அவர் தொழில். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம், அத்தனை பெரிய பாத்திரம். மகள் கண்ணீருக்கு முன்னால் எந்த அப்பனுக்குத்தான் புத்தி வேலை செய்கிறது? வண்டியில் ஏற்றிவிட்டார்.

ஒன்பது பொருளும் சேர்ந்த வகுப்பறையின் திறப்பு விழாவுக்கு இயக்கத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் கிருபாசங்கர் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். அதுதான் அவரிடம் இருந்த பெரிய ஆபத்து.

“மாங்காயை வெச்சு எண்ணச் சொல்லிக் குடுத்தா என்னுங்க ஆகும்?” என்று மைக்கில் கேட்டார். “எண்ணி முடிச்சதும் குழந்தை கடிச்சுப்போடும். அடுத்த நாள் பாடத்துக்கு மாங்காய் இருக்காது. வரலாற்றை யாரும் கடிக்க முடியாதுங்க. அதுக்காகத்தான் நாங்க வரலாற்றைத் தேர்ந்தெடுத்தோம்.”

கைதட்டினார்கள். அவர் உற்சாகமாகிவிட்டார்.

“இதுவரைக்கும் இயக்கம் எத்தனை பொருள் சேத்திருக்குதுன்னு நெறையப் பேர் கேக்கறாங்க. எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க எண்ணறதில்லை. எண்ண வேண்டியது குழந்தைகள். குழந்தைகளுக்கு ஒன்பது வரைக்கும்தான் பாடம். அதனால எங்க கணக்கு எப்பவும் ஒன்பதுதானுங்க. தணிக்கைக்கு வந்தவங்களே பாராட்டிட்டுப் போனாங்க.”

பிறகு தேக்சாவைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“கோயமுத்தூர் மாவட்டத்துல எந்த ஒண்ணாங் கிளாஸ்லயும் இப்படி ஒரு செப்புக்காலப் பொருள் இல்லீங்க. எங்கிருந்து கெடைச்சுது?”

“எங்க அத்தா பெரியகடை வீதியில வாங்கினதுங்க” என்றார் முஸ்தபா பாய்.

“அவரு செப்புக்காலத்துல இருந்தவருங்களா?”

“அவரு மார்க்கெட்டுல இருந்தவருங்க.”

கிருபாசங்கர் தலையை ஆட்டி அதைக் குறித்துக்கொண்டார். “சித்த நாள் இங்கியே இருக்கட்டுங்களா பாய்?” என்று பணிவாகக் கேட்டார்.

“அதுக்கென்னுங்க சார், உங்களுதுன்னே நெனச்சுக்குங்க” என்றார் முஸ்தபா பாய்.

இங்கேதான் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே யாராவது வீட்டுக்கு வந்தால் ‘உங்க ஊடு மாதிரி’ என்போம். வண்டியை இரவல் கேட்டால் ‘உங்க வண்டி மாதிரி’ என்போம். சொன்னவரும் அப்படி நினைப்பதில்லை, கேட்டவரும் நினைப்பதில்லை. நினைத்துக்கொண்டிருந்தால் இந்நேரம் கோயமுத்தூரில் பாதி வீடு விருந்தாளிகள் பேரில் இருக்கும். ஆனால் கிருபாசங்கர் அதிகாரியாகப் போய்விட்டார். அவர் நிஜமாகவே நினைத்துக்கொண்டார். தேக்சாவின் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் ஒன்பது என்று எழுதி, இயக்கத்தின் சொத்தாகப் பதிவு செய்துவிட்டுப் போய்விட்டார்.

பாயின் தங்கை இஸ்மத்துக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை மேட்டுப்பாளையம், பாக்கு வியாபாரக் குடும்பம். அவர்கள் நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. “பொண்ணோட அண்ணன் கையால தம் பிரியாணி” என்று ஒன்றைத்தான் கேட்டார்கள். வாடகைப் பாத்திரம் எடுக்கலாம் என்று பார்த்தால், ஆவணி முகூர்த்தம், ஒரு குண்டான்கூட மிச்சமில்லை. எங்கேயோ தேடிப் பிடித்த அலுமினியத்தில் பாய் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். அடிப்பிடித்து, தெருவே புகைந்தது.

“தங்கச்சி கல்யாணத்துல கருகின சோறு போட்டா நான் அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த ஊருல அடுப்புப் பத்த வெக்கிறதுங்கண்ணா?” என்று என் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது. நானே அவரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

ஒன்றாம் வகுப்பு மிஸ் லோகப்பிரியா நல்ல பிள்ளை. புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்த காலத்தில் அவள் வகுப்புப் பிள்ளைகள் நூறுவரை எண்ணும். இப்போது ஒன்பதோடு நின்றுவிட்டன. பாய் கேட்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

“எனக்குக் குடுக்கோணும்னுதானுங்க இருக்குது. ஆனா சுவத்துல பாருங்க.”

சுவரில் ‘எங்கள் பொருள்கள் ஒன்பது’ என்று எனாமல் பெயிண்டில் எழுதியிருந்தது.

மறுநாள் நாங்கள் கிருபாசங்கரின் அலுவலகத்துக்குப் போனோம். இஸ்மத்தும் வந்தாள். பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தாள். கிருபாசங்கர் எழுந்து நின்று வரவேற்று, டீ சொல்லி, கல்யாணப் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தேக்சா என்றதும் ரொம்பவும் வருத்தப்பட்டார்.

“நீங்கதானுங்களே உங்களுதுன்னு நெனச்சுக்கச் சொன்னீங்க? நாங்க நெனச்சுக்கிட்டோம். சரி, அதை உடுங்க. அதுகூடப் பேசித் தீத்துக்கலாம். பிரச்சினை அதில்லீங்க. இது கூட்டல் பருவம்.”

“அப்படின்னா?”

“பள்ளிக்கூடத்துக்குள்ள பொருள் வரலாம். வெளிய போகக் கூடாது. வெளிய போனா அது கழித்தலுங்க. கழித்தல் மூணாம் பருவத்துலதான் வருது, தை மாசத்துக்கு மேல. இப்பவே குழந்தைக கண்ணு முன்னால ஒரு பொருளை எடுத்தா, பாடத்திட்டத்துல இல்லாத கணக்கை மிஸ்ஸு நடத்திப்போட்டாங்கன்னு ஆயிரும்.”

“அப்பக் குழந்தைக ஊட்டுக்குப் போனப்புறம் வந்து எடுத்துக்கறேனுங்க.”

“காலையில வந்து பாக்குமுங்களே! அது இன்னும் கஷ்டம். காரணம் தெரியாத கழித்தல். அதெல்லாம் நாலாங் கிளாஸுங்க.”

பாய் விடவில்லை. “அதுக்குப் பதிலா வேற சாமான் கொண்டாந்து வெச்சுப்போட்டு இதை எடுத்துக்கட்டுங்களா?”

“கொண்டாந்து வெக்கறது சரிங்க. கூட்டல்தான். ஆனா பத்து ஆயிருமே? பத்து ரெண்டாம் பருவமுங்க.” கிருபாசங்கர் பெருமூச்சு விட்டார். “உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுதுங்க பாய். மனசு கேக்குலீங்க. டீ ஆறுது, குடிங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டீயை அவர் தலையிலேயே ஊற்றியிருப்பேன். ஆனால் அத்தனை மரியாதையாகப் பேசுகிறவன் தலையில் எப்படி ஊற்றுவது? குடித்துவிட்டேன். இஸ்மத் மட்டும் டீயைத் தொடவில்லை. மேஜைமேல் இருந்த வண்ணப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க சார், கழிக்கத்தானே கூடாது? பிரிக்கலாமில்லீங்க? பனியன் கம்பெனியில நாங்க நாள் முச்சூடும் அதைத்தானுங்க பண்றோம். நல்ல பீஸ் ஒரு பக்கம், ஓட்டை பீஸ் ஒரு பக்கம். எதுவும் கொறையாது. அது மாதிரி, கல்யாணத்துக்குப் போற பொருள் ஒரு பிரிவு, போகாத பொருள் ஒரு பிரிவு. எட்டும் ஒண்ணும் ஒன்பதுதானுங்களே?”

கிருபாசங்கர் கையேட்டைப் புரட்டினார். வகை பிரித்தல் முதல் பருவத்திலேயே இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்துவந்து இஸ்மத்துக்குக் கை கூப்பினார்.

“இதை நான் மாநில அளவுல கொண்டுபோறேன் அம்மணி. ஒரே ஒரு நிபந்தனைதான். ரெண்டு பிரிவும் குழந்தைகளோட பார்வையில இருக்கோணும்.”

அப்படித்தான் இஸ்மத்தின் நிக்காஹுக்கு ஒன்றாம் வகுப்பு முழுவதும் வந்தது. பாதிப் பிள்ளைகள் கிரைண்டர் கல்லையும் உடைந்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தன, ஏனென்றால் மற்ற எட்டுப் பொருளும் அவர்கள் பார்வையில் இருக்க வேண்டும். மண்டப வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்த மேஜைக்குப் பக்கத்தில் ‘பிரிவு அ’ என்று அட்டை மாட்டி அவற்றை அடுக்கிவைத்தார்கள். சமையல்கட்டில் தேக்சாவுக்கு ‘பிரிவு ஆ’ என்று அட்டை. மாப்பிள்ளை வீட்டார் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, சீர்வரிசையில் இதுவும் உண்டா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

“பொண்ணு ஊட்டுல இத்தனை சின்னப் புள்ளைகன்னு தரகர் சொல்லவே இல்லீங்களே?” என்று ஒருவர் கவலைப்பட்டார்.

பிள்ளைகளைச் சும்மா உட்காரவைக்கக் கூடாது என்று கிருபாசங்கர் பயிற்சி தொடங்கினார். வந்த விருந்தாளிகளைப் பழையவர், புதியவர் என்று வகை பிரிக்கச் சொன்னார். நிதீஷ் மாப்பிள்ளையின் பெரியத்தாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டுபோய், கிரைண்டர் கல் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டான். அவருக்குப் பல்லெல்லாம் நன்றாக இருந்தது. கடித்துவிடுகிற மாதிரி பார்த்தார். லோகப்பிரியா மிஸ் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள்.

ஆனால் தேக்சா மானத்தைக் காப்பாற்றிவிட்டது. தம் உடைத்ததும் மண்டபம் முழுவதும் மணத்தது. பெரியத்தா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். இஸ்மத்துக்கு உள்ளே இலை வைத்து அனுப்பிவிட்டு வந்த பாய், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ், பொழச்சேனுங்கண்ணா” என்றார்.

கிருபாசங்கரும் பந்தியில்தான் இருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ரம்ஷாவின் இலையில் அவித்த முட்டை வைத்திருந்தார்கள்.

“கண்ணு, இலையில எத்தனை முட்டை?” என்று கேட்டார்.

ரம்ஷா முட்டையைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள்.

“இது பழசுங்களா, புதுசுங்களா சார்?”

“புதுசுதான் கண்ணு. இன்னைக்குத்தான் வேக வெச்சாங்க.”

“அப்ப எண்ணக் கூடாதுங்க சார்.”

கிருபாசங்கருக்கு அவ்வளவு சந்தோஷம். பிரியாணிக் கையோடு எழுந்து நின்றார். “பாத்தீங்களா? எண்ணத் தெரிஞ்ச குழந்தை எதை வேணும்னாலும் எண்ணும். எண்ணறிவு உள்ள குழந்தை எதை எண்ணக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கும்!” என்று பந்திக்கே அறிவித்தார். ரம்ஷாவுக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டினார். மகளுக்கு நட்சத்திரம் கிடைத்தது என்று பாய் சந்தோஷப்பட்டார். முட்டையைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. நான்தான் யோசித்தேன். கல்யாண வீட்டில் எதற்கு என்று இன்னொரு கரண்டி பிரியாணி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு பருவத்தில் ஒரு முறைதான் வகை பிரிக்கலாமாம், பிரித்ததைக் கலைக்கவும் கூடாதாம். அதனால் ‘பிரிவு ஆ’ மறுபடியும் ‘பிரிவு அ’வோடு சேர முடியாது. தேக்சா பாயின் வீட்டிலேயே இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. பாய் எனக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் மத்தியானம் ஒன்றாம் வகுப்பும் அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது. காலையில் பள்ளிக்கூடத்தில் எட்டு எண்ணிவிட்டு, மத்தியானம் பாய் வீட்டு முற்றத்தில் ஒன்று எண்ணும். ஒன்றை எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? எண்ணிவிட்டுத் தூங்கும்.

பாய்க்கு மதுக்கரையிலிருந்து ஆர்டர் வந்தாலும் சரி, போத்தனூரிலேயே வந்தாலும் சரி, தேக்சா போகிற இடத்துக்கு ஒன்றாம் வகுப்பும் போக வேண்டும். ஆர்டர் கொடுத்தவர்கள் கொஞ்ச நாள் சிரித்தார்கள். பிறகு, “பிரியாணி நல்லாத்தானுங்க இருக்குது பாய், ஆனா பள்ளிக்கூடத்துக்குச் சோறு போட எங்களால முடியாதுங்க” என்றார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பிள்ளைகள் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சின்னச் சின்ன விசேஷங்களுக்குத் தம் போட்டு பாய் காலத்தை ஓட்டினார். “தை வரட்டுமுங்க. கழித்தல் வந்துருமல்ல? கழிச்சு உட்டுருவாங்க” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். தை மாதத்துக்கு ஏழெட்டுக் கல்யாணம் வாயாலேயே ஒத்துக்கொண்டும் விட்டார்.

தை வந்தது. கழித்தல் பாடம் தொடங்குவதாகச் சுற்றறிக்கை வந்தது. தொடக்க விழா பாய் வீட்டு முற்றத்தில் என்று போட்டிருந்ததைப் பார்த்து, நகல் எடுப்பதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேக்சாவைப் புளி போட்டுத் தேய்த்து, உள்ளே ஈயம் பூசி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். புதுச் செம்பு மாதிரி தகதகத்தது. இஸ்மத்தும் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

கிருபாசங்கர் ஒரு டெம்போவோடு வந்தார். பாய்க்கு மாலை போட்டார்.

“பூஜ்யத்தை உலகத்துக்கே குடுத்தது நம்ம நாடுங்க,” என்று தொடங்கினார். “ஆனா நம்ம குழந்தைகளுக்கு அதைக் காட்ட இதுவரைக்கும் வசதி இல்லாமப் போச்சு. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் ஒன்பது பொருள் இருக்குது. ஒன்பதையும் ஒண்ணொண்ணாக் கழிச்சுப் பூஜ்யத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள பருவம் முடிஞ்சுபோகுது. ஒரே ஒரு பொருள் இருக்கற பிரிவு மாவட்டத்துலயே இங்க மட்டும்தானுங்க இருக்குது. இந்த வசதியை நமக்குப் பண்ணிக் குடுத்த முஸ்தபா பாய்க்கு எல்லாரும் ஒருக்காக் கை தட்டுங்க.”

பிள்ளைகள் தட்டின. பாயும் தட்டினார், பாவம், புரியாமல். ஆட்கள் தேக்சாவைத் தூக்கி டெம்போவில் ஏற்றிக் கயிறு கட்டத் தொடங்கிய பிறகுதான் அவருடைய கை நின்றது. இஸ்மத், “சார்! ஏனுங்க சார்!” என்று கத்திக்கொண்டே வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். கிருபாசங்கர் உதட்டில் விரல் வைத்து, “பாடம் நடக்குதுங்க அம்மணி” என்றார். டெம்போ அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய்விட்டது. எங்கே என்று கேட்டேன். இயக்கத்தின் கிடங்குக்கு என்றார். அங்கே எத்தனை இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

லோகப்பிரியா மிஸ் தலையைக் குனிந்துகொண்டு, கரி படிந்த மூன்று அடுப்புக் கல்லுக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினாள். கிருபாசங்கரே கேட்டார்.

“ஒண்ணுல ஒண்ணு போனா இங்க என்ன இருக்குது?”

பிள்ளைகள் விழித்தன. கல்லைப் பார்த்தன, சாம்பலைப் பார்த்தன. அரை வருஷமாக அந்த வகுப்புக்கு எதுவும் விளங்கவில்லை, இதுவும் விளங்காது என்றுதான் நான் நினைத்தேன். திடீரென்று ரம்ஷாவின் முகம் பளிச்சென்று ஆனது.

“பூஜ்யம்!” என்று கத்தினாள்.

“பூஜ்யம்! பூஜ்யம்!” என்று வகுப்பே கத்தியது. கிருபாசங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரம்ஷா ஓடிவந்து, மாலையோடு நின்றிருந்த தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டாள். “அத்தா, எனக்குப் புரிஞ்சிருச்சு! பூஜ்யம்னா நம்ம ஊடுங்க அத்தா!”

முஸ்தபா பாய் குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டார். தூக்குவதற்கு வேறு எதுவும் அந்த முற்றத்தில் இல்லை.